கர்த்தருக்குக் காத்திருப்பது எப்படி? விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"ரொம்ப எதிர்பார்க்காதே, ஏமாந்து போவாய்" என்று சொல்லித்தான் நம்மில் பலரை வளர்த்திருக்கிறார்கள். பரீட்சை முடிவு வரும்போதும், பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டிலிருந்து பதில் வரவேண்டியிருக்கும்போதும், ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருக்கும்போதும் மனசை முன்கூட்டியே கீழே இறக்கி வைத்துக்கொள்கிறோம், விழுந்தால் அடி குறைவாக இருக்கும் என்று. இப்படியே பழகின ஒருவர் ஆண்டவரை விசுவாசிக்கத் தொடங்கி சபைக்கு வரும்போது, அங்கே எல்லாரும் "கர்த்தருக்குக் காத்திருங்கள்", "விசுவாசத்தோடு எதிர்பாருங்கள்" என்று சொல்வதைக் கேட்டால் குழம்பித்தான் போவார். என்னத்தை எதிர்பார்ப்பது? எப்படிக் காத்திருப்பது? காலையில் எழுந்ததும் இதற்காக என்ன செய்ய வேண்டும்? இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிற ஆள் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அப்படி ஆள் கிடைக்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் போதகர் இல்லை. தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன், 43 வயதில் அந்தக் கம்பெனி மூடப்பட்டு 19 மாதம் வேலையில்லாமல் இருந்தவன். அதே காலத்தில்தான் அம்மாவுக்கு சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு 2 முறை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். அந்த 19 மாதத்தில் ஒரு ஜெபத்துக்கு நான் கேட்டபடி பதில் வந்தது, இன்னொன்றுக்கு வரவில்லை. கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த நாட்களில் வேதத்தைப் பிடித்துக்கொண்டு கற்றுக்கொண்டது.

ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் தெளிவு வந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். பழைய ஏற்பாட்டில் நம்பிக்கை என்பதற்கு வருகிற எபிரெயச் சொற்களில் ஒன்று திக்வா. அதே சொல்லுக்குக் கயிறு என்றும் அர்த்தம் உண்டு. எரிகோ பட்டணத்தில் இஸ்ரவேலின் வேவுகாரரை ஒளித்து வைத்து, தன் வீட்டார் காப்பாற்றப்படுவார்கள் என்று வாக்குப் பெற்ற ராகாப் தன் வீட்டு ஜன்னலில் ஒரு சிவப்பு நூல்கயிற்றைக் கட்டி வைத்தாளே, யோசுவா 2ஆம் அதிகாரத்தில், அந்தக் கயிற்றுக்கும் திக்வா என்றுதான் பெயர். பட்டணம் விழப்போகிறது, எப்போது என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் கயிற்றைக் கட்டிவிட்டாள். கட்டின பிறகு வீட்டில் சமைத்திருப்பாள், தூங்கியிருப்பாள், ஜன்னலைப் பார்த்திருப்பாள். நான் எதிர்பார்ப்பு என்று சொல்வது இதைத்தான். மனசுக்குள் வரவழைத்துக்கொள்கிற உற்சாகத்தை நான் சொல்லவில்லை. ஒரு முனை நம் வீட்டிலும் மறுமுனை வாக்குக் கொடுத்தவர் கையிலும் இருக்கிற கயிறு அது. மனசு சோர்ந்த நாளிலும் கயிறு அங்கேயே கட்டியிருக்கும்.

சரி, செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம்.

1. எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள், 40 பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் தேதி போட்டு, கர்த்தரிடம் நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும்" என்று எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது. எரிகோ வழியில் பர்திமேயு கூப்பிட்டபோது இயேசு அவனைப் பக்கத்தில் வரவழைத்து, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். கண் தெரியாதவன் என்று பார்த்தாலே தெரியும், ஆனாலும் அவன் வாயால் சொல்ல வைத்தார். பார்வையடைய வேண்டும் என்று அவன் சொன்னான். அந்த மாதிரி ஒரு வரி வேண்டும்.

எழுத வெட்கமாக இருந்தால் அது நல்ல அறிகுறி, நிஜமான விஷயத்தைத் தொட்டிருக்கிறீர்கள். நான் முதல் நாள் "உமது சித்தம் நிறைவேற வேண்டும்" என்று எழுதினேன். பக்தியாக இருந்தது, ஆனால் உண்மையாக இல்லை. இரண்டாம் நாள் அதன் கீழே "வீட்டு வாடகை கட்டுகிற அளவுக்குச் சம்பளம் வருகிற வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்றாமல்" என்று எழுதினேன். அப்போதுதான் ஜெபிக்கவே முடிந்தது.

2. எழுதினதை மூன்றாகப் பிரியுங்கள்

புதிதாக வந்தவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நோட்டில் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் வாக்குக் கொடுத்தது ஒன்று. நாம் ஆசைப்படுவது இன்னொன்று. யாரோ ஒருவர் நமக்குச் சொன்னது மூன்றாவது. இந்த மூன்றும் மனசுக்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கும், பிரிக்காமல் விட்டால் நம்முடைய ஆசை நடக்காதபோது கர்த்தர் வாக்குத் தவறிவிட்டார் என்று முடிவு கட்டிவிடுவோம்.

தமிழ் வேதாகமத்தில் எரேமியா 29:11ஐ அறியாத கிறிஸ்தவ வீடே இருக்காது. பவர் திருப்புதலில், அதாவது நம் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில், "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும். இதைத் தனியாக வாசித்தால் நான் என்ன முடிவை எதிர்பார்க்கிறேனோ அதையே கொடுப்பதாகச் சொல்கிறார் என்றுதான் தோன்றும். மூலத்தில் அந்த இடத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: ஒன்று பிற்காலம், மற்றது நம்பிக்கை, அதாவது மேலே சொன்ன அதே திக்வா. உங்களுக்கு ஒரு பிற்காலத்தையும் நம்பிக்கையையும் கொடுப்பேன் என்பதுதான் அங்கே உள்ள வாக்கு. எரேமியா தீர்க்கதரிசி கடிதமாக அதை எழுதி அனுப்பினதும் வீட்டில் சௌகரியமாக இருந்தவர்களுக்கு இல்லை, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்று சொல்கிறது! கடிதம் கையில் கிடைத்தவர்களில் பலர் திரும்பிப் போகிற நாளைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்குத்தான் அதே கடிதத்தில், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்றும் சொல்லியிருக்கிறது.

இதற்கு முந்தின 28ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். அனனியா என்கிற தீர்க்கதரிசி எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்றான். ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும். எரேமியாகூட, அப்படியே ஆகட்டும், ஆமென் என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் அது கர்த்தர் சொன்னது இல்லை. இரண்டு வருஷம் என்று நம்பினவர்கள் மூட்டையை அவிழ்க்காமலேயே உட்கார்ந்திருப்பார்கள். எழுபது என்று கேட்டவர்கள்தான் தோட்டம் போட்டிருப்பார்கள்.

இன்றைக்கும் "இன்னும் 40 நாளில் உங்களுக்கு விசா வரும் என்று கர்த்தர் சொல்கிறார்", "இந்த வருஷத்துக்குள் உங்கள் கையில் பிள்ளை இருக்கும்" என்று தேதி போட்டுச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அதை நோட்டில் மூன்றாவது பத்தியில் எழுதுங்கள், முதல் பத்தியில் எழுதாதீர்கள். அதற்காகக் காணிக்கை கேட்டால் நோட்டிலேயே எழுத வேண்டாம்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் புதியவர்கள் கேட்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்கும், ஒரு வருஷம் முழுக்க ஒரே வசனத்தோடு வாழ்வது நல்லதுதான். நான் வேலையிழந்த வருஷக் கடைசியில் எனக்கு வந்தது ஏசாயா 43:19, "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன், இப்பொழுதே அது தோன்றும்". இப்பொழுதே என்றால் ஜனவரி என்று நானே முடிவுசெய்துகொண்டேன். ஜனவரி போனது, பிப்ரவரி போனது, ஏப்ரலில் அந்த அட்டையைக் கண்ணாடியிலிருந்து எடுத்து அலமாரிக்குள் போட்டுவிட்டேன். அந்த அதிகாரம் முழுவதையும் ஒருமுறைகூட நான் வாசித்திருக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. உட்கார்ந்து வாசித்தபோது, தண்ணீரைக் கடக்கும்போது உன்னோடு இருப்பேன் என்று இரண்டாம் வசனம் சொன்னது. அது முதல் பத்திக்குரிய வாக்கு, அதை எந்த மாதத்திலும் பிடித்துக்கொள்ளலாம். ஆகவே, அட்டை வந்தால் அன்றைக்கே அந்த அதிகாரத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்துவிடுங்கள், யாருக்கு எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்று பாருங்கள்.

இப்படிப் பிரித்த பிறகு ஆசையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா? வேண்டாம். ஆசையை ஆசையாகவே கேளுங்கள், பிள்ளை அப்பாவிடம் கேட்கிற மாதிரி. எந்தப் பத்தியில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

3. காலையில் ஒரு நாற்காலி

சங்கீதம் 5:3, "காலையிலே உமக்கு நேரே வந்து ஆயத்தமாகி, காத்திருப்பேன்" என்கிறது. கத்தோலிக்கச் சபையில் இருப்பவர்கள் திருப்பாடல்கள் என்ற தலைப்பில் தேடுங்கள். ஆயத்தம் என்று அங்கே வருகிற சொல்தான் பலிபீடத்தின்மேல் விறகை அடுக்குவதற்கும் வரும். காத்திருப்பது என்று வருகிறதோ, காவல் கோபுரத்தில் நிற்கிறவன் தூரத்தை உற்றுப் பார்க்கிற பார்வை. விறகை அடுக்கி வைத்துவிட்டு நெருப்பு வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் 15 நிமிஷம் போதும். போனை வேறு அறையில் வையுங்கள். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், மனசுக்குள் வாசித்தால் பாதியில் வேறெங்காவது போய்விடும். நோட்டில் எழுதின ஒரு வரியைக் கர்த்தரிடம் சொல்லுங்கள். அப்புறம் 3 நிமிஷம் பேசாமல் இருங்கள். அந்த மூன்று நிமிஷம் முதல் வாரத்தில் மிகவும் நீளமாகத் தெரியும், பால்காரர் வருவார், குக்கர் சத்தம் கேட்கும், வாடகை நினைவு வரும். அதையெல்லாம் விரட்ட வேண்டாம், வந்ததை அவரிடமே சொல்லிவிட்டு மறுபடியும் உட்காருங்கள். எழுந்திருக்கும்போது, "இன்றைக்கு நீர் என்ன செய்கிறீர் என்று பார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருங்கள். என்னுடைய நாளை மாற்றினது இந்த ஒரு வாக்கியம்தான். என்ன கெட்டது வருமோ என்று கதவைத் திறந்தவன், இதைச் சொல்லிவிட்டுத் திறக்கப் பழகினேன்.

4. முறையிடவும் பழகுங்கள்

சந்தோஷமாக இருந்தால்தான் விசுவாசம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் சங்கீதம் 13ஐத் திறந்து பாருங்கள். முதல் இரண்டு வசனத்தில் மட்டும் "எதுவரைக்கும்" என்று 4 முறை வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று சங்கீதக்காரன் ஆண்டவரிடமே கேட்கிறான். சங்கீதம் 88 இன்னும் ஒரு படி மேலே, கடைசி வசனம் வரைக்கும் இருட்டாகவே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். எதிர்பார்ப்பு இல்லாதவன் முறையிட மாட்டான், வருவார் என்று நினைக்கிறவன்தான் "ஏன் இன்னும் வரவில்லை" என்று கேட்பான்.

ஆகவே கோபம் வந்தால் கோபத்தோடே ஜெபியுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். எம்மாவுக்குப் போகிற வழியில் இரண்டு சீஷர்கள், அவர்தான் மீட்பர் என்று நாங்கள் நம்பியிருந்தோம் என்று உடைந்துபோய்ச் சொன்னது யாரிடம்? பக்கத்தில் நடந்துகொண்டிருந்த இயேசுவிடமேதான். அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அவர்களோடு ஊர் வரைக்கும் நடந்து, பந்தியில் உட்கார்ந்து அப்பம் பிட்டார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று நினைப்பு வருகிறது என்றால் அதை விசுவாசக் குறைவு என்று மூடி வைக்காதீர்கள். உடனே வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது, கர்த்தர் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார், தூதனை அனுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்க விட்டு மறுபடியும் கொடுத்தார். பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான். மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசத்தைக் காட்டு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வியாதியாய்ப் படுத்திருந்த எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருஷம் ஆயுசு கூட்டினேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டியின்மேல் பற்றுப்போட வைத்தார். வாக்கும் மருந்தும் ஒரே அறையில்தான் இருந்தன.

5. ஒரு சின்ன ஆயத்தம் செய்து வையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. எரேமியா 32ஆம் அதிகாரம். எருசலேமைப் பாபிலோன் சேனை சுற்றி வளைத்திருக்கிறது. எரேமியாவே காவல்முற்றத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய பெரிய தகப்பன் வழியிலோ சிறிய தகப்பன் வழியிலோ சொந்தக்காரர் ஒருவர் வந்து ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். எதிரி கைக்குப் போய்விடப் போகிற நிலத்தை யார் வாங்குவார்கள்? எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளைக் கையெழுத்துப் போட வைத்து, முத்திரை போட்ட பத்திரத்தையும் திறந்திருந்த பிரதியையும் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்தத் தேசத்தில் இனியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னார், அதை நம்பினேன் என்பதற்கு அவர் காட்டின அடையாளம் ஒரு பத்திரம். (பத்திரம் பத்திரமாக இருக்கிறதா என்று நம் வீடுகளில் எத்தனை முறை டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்கிறோம், நமக்கு இது நன்றாகவே புரியும்.)

அவர் கர்த்தருடைய வேலையைத் தன் கையில் எடுக்கவில்லை. கையில் இருந்த வெள்ளிக்குச் செய்யக்கூடியதைச் செய்து வைத்தார். தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் என்கிற நெல் போகத்துக்குத் தண்ணீர் வரும் என்று இருக்கிற விவசாயியும் இதையேதான் செய்கிறார். மழையை அவரால் பெய்ய வைக்க முடியாது. வரப்பை வெட்டிச் சரிபண்ணலாம், விதைநெல்லை எடுத்து வைக்கலாம். யாக்கோபு தன் நிருபத்தில் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையாய்க் காத்திருக்கிற பயிரிடுகிறவனைப் பாருங்கள் என்று எழுதினது இவரைப் போன்றவர்களைப் பார்த்துத்தான்.

நான் செய்தது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைப்பது. இன்டர்வியூ எதுவும் இல்லாத வாரத்திலும் மாட்டி வைத்தேன். சான்றிதழ் ஃபைலை வரிசைப்படுத்தினேன், டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் எனக்குத் தெரியாமல் இருந்த பகுதிகளை ஒரு தம்பியிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவனுக்கு என் வயதில் பாதி. உங்களுக்கு வேறாக இருக்கலாம்: பேசாமல் போன அண்ணனோடு சமாதானம் வேண்டுமென்று ஜெபிக்கிறவர் அவருடைய நம்பரை அழிக்காமல் வைத்திருக்கலாம், கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்கும் பலகாரம் எடுத்து வைக்கலாம். கடன் தீர வேண்டுமென்று ஜெபிக்கிறவர் கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கலாம், பயமாக இருந்தாலும். ஆயத்தம் சின்னதாக இருக்கட்டும். வேலை கிடைத்துவிடும் என்ற விசுவாசத்தில் தவணைக்குக் கார் எடுப்பது ஆயத்தம் ஆகாது, அது கர்த்தருடைய கையை முறுக்குவது.

6. ராத்திரியில் இரண்டு வரி

படுப்பதற்கு முன் நோட்டில் அன்றைக்குப் பார்த்த ஒன்றை எழுதுங்கள். பெரிதாக எதுவும் இருக்க வேண்டாம். கர்மேல் மலையில் எலியா மழைக்காக ஜெபித்தபோது வேலைக்காரனைக் கடல் பக்கம் பார்க்க அனுப்பினார், ஆறு முறை ஒன்றுமில்லை. ஏழாவது முறை மனுஷ உள்ளங்கை அளவு ஒரு மேகம். மூன்றரை வருஷம் காய்ந்த பூமிக்கு உள்ளங்கை மேகம் எந்த மூலைக்கு? எலியாவுக்கு அது போதுமாக இருந்தது, ரதத்தைப் பூட்டச் சொல்லிவிட்டார்.

ஒன்றுமில்லாத நாளில் "ஒன்றுமில்லை" என்றே எழுதுங்கள், அதுவும் உண்மைதானே. என் நோட்டில் தொடர்ந்து 11 நாள் அப்படி இருக்கிறது. அதற்கு நடுவில் பக்கத்து வீட்டு அக்கா கேட்காமலே அம்மாவுக்கு உப்பில்லாத கஞ்சி கொண்டுவந்து தந்தது, அன்றைக்கு எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை, பிறகு புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. மாதக் கடைசியில் ஒருமுறை உட்கார்ந்து பழைய பக்கங்களை வாசியுங்கள். நம் ஊரில் எத்தனை வீட்டு முகப்பில் எபெனேசர் என்று எழுதியிருக்கிறது! சாமுவேல் நாட்டின அந்தக் கல்லின் அர்த்தம், இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார் என்பது. இம்மட்டும் என்று எண்ணிப் பார்க்கிற பழக்கம் இருந்தால்தான் இனிமேலும் என்று சொல்ல வாய் வரும்.

7. தனியாகக் காத்திருக்காதீர்கள்

உங்கள் ஒரு வரியை ஒரே ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள், இரகசியம் காக்கத் தெரிந்தவராகப் பார்த்து. எல்லாருக்கும் முன்னால் ஜெபக் குறிப்பாகக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சாட்சி சொல்கிற கூட்டத்தில் "மூன்றே நாளில் பதில் கிடைத்தது" என்று யாராவது சொல்லும்போது உள்ளே ஒரு வலி வரும், வந்தால் குற்றஉணர்வு வேண்டாம், அவர்களுக்காக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உங்கள் வரியை மறுபடியும் சொல்லுங்கள். ஆபிரகாமுக்கு வாக்கு வந்தபோது 75 வயது, ஈசாக்கு பிறந்தபோது 100. அந்த 25 வருஷத்தில் அவரும் எத்தனையோ பிள்ளைப்பேற்று வீடுகளுக்குப் போய் வந்திருப்பார்.

சபையே நமக்குக் காத்திருக்கக் கற்றுத்தருகிற ஒரு காலமும் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள், திருவருகைக் காலம் என்பார்கள், அட்வெந்து என்றும் சொல்வதுண்டு. வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியாக ஏற்றிக்கொண்டு போவார்கள். நட்சத்திரம் கட்டுவதிலும் கேக் ஆர்டர் கொடுப்பதிலும் அது ஓடிப்போய்விடுகிறது, இந்த வருஷம் அந்த நான்கு வாரத்தையும் கவனித்து நடந்து பாருங்கள்.

8. இல்லை என்று பதில் வந்தால்

இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இருக்க மாட்டேன். எனக்கு வேலை கிடைத்தது, முன்னைவிடச் சம்பளம் குறைவுதான், ஆனால் வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் கட்ட முடிந்தது, நோட்டில் எழுதினபடியே. அதற்கு ஏழு வாரம் முன்பு அம்மா போய்விட்டார்கள். அம்மாவுக்காகவும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்து ஜெபித்தேன், அதே விசுவாசத்தோடுதான். ஏன் ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை என்று என்னால் விளக்க முடியாது. விளக்குகிறவர்களைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடுவேன்.

பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க வேண்டும் என்று மூன்று முறை வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்று பதில் வந்தது. எங்கள் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார், 1951இல் மரிக்கும் வரைக்கும் ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் தன் அறையிலேயே படுக்கையில் இருந்தார். அந்த அறையிலிருந்தே எழுதிக்கொண்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். அவருடைய கல்லறையில் பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு தொட்டி இருக்கிறது, அதில் அம்மா என்று எழுதியிருக்கும்.

இல்லை என்று வந்த நாட்களில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நோட்டில் அந்த வரியை அழிக்காதீர்கள், பக்கத்தில் நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள். கொஞ்ச நாள் 15 நிமிஷம் முடியாவிட்டால் 5 நிமிஷம் உட்காருங்கள், ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 88ஐ வாசித்துவிட்டு எழுந்திருங்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல் துக்கப்படவே கூடாது என்று சொல்லவில்லை, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படாதபடிக்கு என்றுதான் சொன்னார். அப்படியானால் நம்பிக்கையுள்ளவர்களுக்கும் துக்கம் உண்டு. ஆதிச் சபையார் மாரநாதா என்று சொல்லி வந்தார்கள், கிரேக்கத்தில் எழுதின கடிதத்துக்குள்ளே அந்த அரமேயிக் சொல்லை அப்படியே வைத்திருக்கிறார் பவுல், எங்கள் ஆண்டவரே வாரும் என்று அர்த்தம். அம்மாவை மறுபடியும் பார்ப்பேன் என்பது என் நோட்டின் முதல் பத்தியில் இருக்கிறது. அது ஆசை என்கிற பத்தியில் இல்லை, வாக்கு என்கிற பத்தியில்.

முதல் ஏழு நாள்

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற வரிசை இது, நாளுக்கு ஒரு சங்கீதம்: 5, 13, 27, 40, 62, 121, 130. கடைசியாக வருகிற 130இல் விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரர் வருவார். ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டாம், 4 மணிக்கு உடம்பு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், விடியாமல் போகாது என்றும் தெரியும். முதல் வாரத்தில் மனசில் எந்த மாற்றமும் தெரியாமல் இருக்கலாம், எனக்கும் தெரியவில்லை. இரண்டாம் வாரமும் அதே ஏழு சங்கீதங்களை வாசியுங்கள், புதிதாக எதுவும் தேட வேண்டாம். ஒரு நாள் தவறிவிட்டால் அடுத்த நாள் இரண்டாக ஈடுகட்ட முயற்சி செய்யாதீர்கள், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

நோட்டையும் பேனாவையும் இன்றைக்கு ராத்திரியே எடுத்து வைத்துவிடுங்கள், நாற்காலியையும் ஜன்னல் பக்கமாகப் போட்டுவிடுங்கள். காலையில் எழுந்து தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.